சளியும் இருமலும் எதிரிகளா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் சளி, இருமல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இருமலை உடனே அடக்க வேண்டும், சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நுரையீரல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையையே நோயாகக் காட்டியது எனக்குச் சங்கடமாக இருந்தது. அதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு சிரப் வாங்கக் கிளம்பிய பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 10,000 லிட்டரை ஒட்டி வரும். தூசி, மகரந்தம், பூஞ்சை வித்து, கிருமி எல்லாம் அதோடு சேர்ந்தேதான் வருகின்றன. ஆனால் நுரையீரலின் கடைசியில் உள்ள நுண்ணறைகளில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லை. அதனால் சுத்தம் செய்கிற வேலை பெரும்பாலும் வழியிலேயே முடிந்தாக வேண்டும்.

மூக்கு முதலில் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடுகிறது. அதையும் தாண்டிப் போவதை மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் சளி பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. ஒரு செல்லில் ஏறத்தாழ 200 இருக்கும், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும். அவற்றைச் சுற்றி நீர்த்த திரவம், அதன் மேல் பசையான சளி. மேல்நோக்கி அடிக்கும்போது மயிர் விறைப்பாக நிமிர்ந்து, நுனியால் சளியைத் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, நீர்த்த திரவத்துக்குள்ளேயே பதுங்கி வருவதால் தள்ளிய சளி கீழே இறங்குவதில்லை. கதிர் முற்றிய வயலில் காற்று எழுப்பும் அலை மாதிரி இது ஓயாமல் நடக்கிறது. தொண்டை வரை வந்த சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் தினமும் இதுதான் நடக்கிறது.

இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். பிறவியிலேயே நுண்மயிர்கள் சரியாக அசையாத ஒரு நோயை 1976-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் அஃப்ஸேலியஸ் விளக்கினார். அந்த நோய் உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கிலும் நெஞ்சிலும் தொற்று மாறி மாறி வருகிறது. (அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் உறுப்புகளின் இடத்தை முடிவுசெய்வதிலும் இதே மாதிரியான மயிர்களுக்குப் பங்கு உண்டு என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.) புகைபிடிப்பவர்கள் இந்த மயிர்களைத் தாங்களே முடமாக்கிக்கொள்கிறார்கள்.

மயிர்களால் சமாளிக்க முடியாதபோது இருமல் கைகொடுக்கிறது. ஆழமாக மூச்சை இழுக்கிறோம், குரல்வளை மூடிக்கொள்கிறது, வயிற்றுத் தசையும் விலாத் தசையும் இறுகி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குரல்வளை சட்டென்று திறந்ததும் காற்று சளியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவரிடம், தையல் போட்ட இடத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். வலித்தாலும் இருமத்தான் வேண்டும். இல்லாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரக்கூடும். அப்படியிருக்க, சளியோடு வரும் இருமலை மருந்து கொடுத்து அடக்கச் சொல்வது என்ன நியாயம்?

காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் நீடித்தால் மருந்து போதவில்லை என்கிறது கட்டுரை. ஃப்ளூ வைரஸ் நுண்மயிர் செல்களையே அழித்துவிடுகிறது. அவை மறுபடி வளரச் சில வாரம் ஆகும், அதுவரை இருமல்தான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அப்புறம் அந்தப் பச்சை நிறம். கிருமியோடு மோத வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸால் வந்த சாதாரண ஜலதோஷத்திலும் சளி பச்சையாகலாம், வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் எடுபடாது.

எந்த இருமலுக்கும் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் வறட்டு இருமலுக்கு மருத்துவர் பார்த்து ஏதாவது கொடுக்கலாம், சரி. சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், குழந்தை மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குவது, உடல் எடை குறைவது, இரண்டு வாரம் தாண்டியும் விடாத இருமல் இவையெல்லாம் மருத்துவரிடம் உடனே போகவேண்டிய அறிகுறிகள். கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இந்த அறிகுறிகளை அடுத்த இதழில் அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்