மூன்று சக்கரம் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெடோக்கில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் என்பதால் பஞ்சர் ஒட்ட, காற்றடிக்க என்று குழந்தைகளின் தள்ளுவண்டிகளும் கடைக்கு வருகின்றன. பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே காலையில் ஓடும் இளம் பெற்றோரைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் வண்டிகளில் பல ஓடுவதற்கு ஏற்றவையே அல்ல. அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

மூன்று சக்கரம் இருந்தாலே ‘ஜாகர்’, அதாவது தள்ளிக்கொண்டே ஓடுவதற்கான வண்டி என்று போட்டு விற்றுவிடுகிறார்கள். இணையத்தில் பழைய வண்டி விற்பவர்கள் இதை அதிகம் செய்கிறார்கள். கடைத்தொகுதிக்குள் நடக்கும்போது முன்சக்கரம் எல்லாப் பக்கமும் திரும்பினால்தான் வசதி. ஓடும்போதோ அது நேராகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் ஓடினால் ஒரு சிறு கல் போதும், சக்கரம் படபடவென்று உதறி, குறுக்கே திரும்பி, வண்டியே கவிழ்ந்துவிடும். ஆகவே வாங்குமுன் சக்கரத்தைப் பூட்டி, வெறும் வண்டியைச் சமதரையில் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால், நல்ல வண்டிகளில் அதைச் சரிசெய்ய முன் அச்சுப் பக்கம் ஒரு திருகு இருக்கும்.

பல வண்டிகளில் முன்சக்கரத்தைக் கையாலேயே கழற்றி மாட்ட, சைக்கிளில் உள்ளது போன்ற ‘குவிக் ரிலீஸ்’ பிடி இருக்கும். அதை மூடும்போது உள்ளங்கையில் தழும்பு விழும் அளவுக்கு இறுக வேண்டும். லேசாக மடங்கினால் இறுகவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் ‘பாப்’ (BOB) என்ற பெயரில் விற்ற ஜாகர் வண்டிகளின் முன்சக்கரம் கழன்றுவிடுவதாகப் புகார்கள் குவிந்து, 2018இல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்கே தொடர்ந்தது. அதே ஆண்டில் சமரசமும் ஆனது. பிரச்சினைக்குள்ளானவை 2015 செப்டம்பர் இறுதிக்கு முன் தயாரானவை. பழைய வண்டி வாங்குவோர் வண்டியின் கம்பிச் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியை அவசியம் பார்க்க வேண்டும்.

டயர் காற்றடிக்கும் டயராக, 12 முதல் 16 அங்குலம்வரை பெரியதாக இருப்பது நல்லது. 1984இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஃபில் பேக்லர் மகனோடு ஓட ஆசைப்பட்டு, சாதாரணத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களை மாட்டித்தான் இந்த வண்டியையே உருவாக்கினார். சின்ன பிளாஸ்டிக் சக்கரம் தரையின் அதிர்வையெல்லாம் அப்படியே குழந்தையின் முதுகுக்கு அனுப்பும்.

பூங்காவுக்குப் போகும் சுரங்கப்பாதையின் இறக்கத்தில் கைபிரேக்கின் அருமை தெரியும். கைப்பிடியில் தொங்கும் பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் ஓடவே கூடாது. கால் தடுக்கி நாம் விழுந்தாலும் வண்டி நம்மைவிட்டு உருண்டு போகாது. கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிடாதீர்கள், வண்டி பின்பக்கம் சாயும்.

குழந்தை கழுத்து நன்றாக நிற்கும் முன்பே ஓட ஆரம்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை, எட்டு மாதம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வண்டிமேல் துணியைப் போட்டு மூடவும் கூடாது. உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும்.

கடலோரம் ஓடுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்றில் அச்சு துருப்பிடித்து, சக்கரத்தைக் கழற்றவே முடியாத வண்டிகள் கடைக்கு வருகின்றன.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்சக்கரம் பூட்டுமா, கைபிரேக் உண்டா என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதுங்கள். வாங்குபவர்கள் எங்கே வாங்கியிருந்தாலும் சரி, பக்கத்துச் சைக்கிள் கடையில் சக்கரத்தையும் பிரேக்கையும் ஒருமுறை காட்டிவிட்டுப் பிள்ளையை உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர்,
பெடோக், சிங்கப்பூர்