முத்தையாவுக்கு, மொட்டை மாடியிலிருந்து

பாளையங்கோட்டை
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள முத்தையா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். உன் கடிதம் ஜனவரியில் வந்தது. இப்போது ஜூன் பாதி. ஏன் பதில் இல்லை என்று கேட்காதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், பெரியவனுக்கு வீட்டில் இருந்தே வேலை, எனக்குச் சோம்பல். இதில் எது காரணம் என்று நீயே எடுத்துக்கொள். நம் கூட்டாளி டியூப்லைட்டின் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாலி கட்டும் நேரத்தில் அப்பன்காரனைக் காணவில்லை. எங்கே இருந்திருப்பான் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? உன் பேரில் 1,000 மொய் எழுதினேன். வரும்போது கொடு.

உன் கடிதத்தை நேற்று எடுத்து மறுபடியும் வாசித்தேன். நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கரண்ட் பில். "பிரிட்டனுக்குப் போனவன் பனியைப் பற்றி எழுதுவான், இவர் என்ன யூனிட் ரேட்டை எழுதுகிறார்" என்று உன் தங்கச்சி சிரித்தாள். கரண்ட் விற்கிற கம்பெனியை மாற்றுவதா, இருப்பதிலேயே இருந்துவிடுவதா, இந்தத் தலைவலி தேவையா என்று என்னிடம் கேட்டிருந்தாய். என் பதில் வருவதற்குள் உங்கள் ஊரில் கரண்ட் கம்பெனிகளுக்கு வைக்கிற விலை உச்சவரம்பு ஒரு தடவையாவது மாறியிருக்கும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்களே!

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கம்பி அதே கம்பி, மீட்டர் அதே மீட்டர், வருகிற கரண்டும் அதே கரண்ட். பில்லில் பேர் மட்டும் வேறு. 2021-லும் அடுத்த வருஷமும் இருபத்தைந்துக்கு மேல் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன என்றும், உன் கம்பெனியும் அதில் போனது என்றும், ஆனால் வீட்டில் விளக்கு ஒரு நிமிஷம்கூட அணையவில்லை என்றும் எழுதியிருந்தாய். இந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "விக்கிறவன் ஓடிப்போனான், சரக்கு மட்டும் வந்துக்கிட்டே இருக்கா? நல்ல ஊரா இருக்கே" என்றாள்.

இங்கே நம் நிலைமையைப் பார். தெற்கே கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. மேற்கே பாபநாசத்தில் 1944-லிருந்து தாமிரபரணித் தண்ணீர் டர்பைனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாடி. வடக்கே கங்கைகொண்டானில் டாடாக்காரர்கள் சோலார் பேனலே செய்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கடை ஒன்றே ஒன்றுதான், ஈபி. பிடிக்கவில்லை என்றால் அரிக்கேன் விளக்கு.

கியாஸ் ஏஜென்சியை வேண்டுமானால் மாற்றலாம். போன வருஷம் கோபத்தில் அதையும் யோசித்தேன். கம்பெனியே மாறுவதாக இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, புது இடத்தில் கட்ட வேண்டும். அது பெரிய காரியமில்லை. ஆனால் சிலிண்டர் போடுகிற அண்ணாச்சி மாடிவரை தூக்கி வந்து, வாஷர் பார்த்து, சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுத்தான் போவார். புது ஏஜென்சியில் அவரை யார் தருவார்கள்? விட்டுவிட்டேன்.

ஆக, மாற்றவே முடியாதவனிடம் போய் மாற்றலாமா என்று யோசனை கேட்கிறாயே என்று உன்னைக் கிண்டல் பண்ணி ஒரு கடிதம் எழுதத்தான் ஜனவரியிலேயே உட்கார்ந்தேன். அதற்குள் பெரியவன் வந்தான். வந்த கையோடு அவன் அறையில் ஏசி வந்தது. அப்புறம் எனக்கும் உன் வியாதி தொற்றிக்கொண்டது.

நம்மூர்க் கணக்கு உனக்கு மறந்திருக்கும். இரண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், 2016-லிருந்து. சூட்சுமம் 500-ல் இருக்கிறது. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கொடுக்கிற சலுகை விலை, மொத்தம் 500-க்குள் நிற்கிறவனுக்கு மட்டும்தான். 2022 செப்டம்பரில் ஏற்றினார்களே, அந்த ரேட்டில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் 1,958. ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு ரேட் இன்னும் ஏறிவிட்டது, பள்ளம் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, புரை எடுத்த கண்ணால் அம்மா முதலில் படித்தது என்ன தெரியுமா? படியேறும் முன் நின்று, சேலைத் தலைப்பால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, கணக்கெடுத்த அட்டையை வாங்கிக் கழித்துப் பார்த்துவிட்டு, "நானூத்தித் தொண்ணூத்தி நாலு. ஏசியை அணைங்கலே" என்றாள். ரீடிங் எடுக்க வர இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் வந்தது 560. இரண்டரை ஆயிரத்துச் சொச்சம்.

அன்று ராத்திரிதான் முடிவு பண்ணினேன், சோலார் போட்டுவிடுவது என்று.

நீ ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறாய். நான் பாதிக் கம்பெனியாக நானே ஆகிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு பையன் வந்தான், டேப்பை விரித்து மாடியை அளந்தான். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுரஅடி, நாளைக்கு நாலு யூனிட். நமக்கு 2 கிலோவாட் போதும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 மானியம், 3-க்கு 78,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். நெட் மீட்டர் வைப்பார்கள். பகலில் மிஞ்சுவது ஈபிக்குப் போகும், ராத்திரி நாம் எடுத்துக்கொள்வது அதில் கழியும். மானியம் போக என் கையிலிருந்து 90,000. போட்ட பணம் திரும்ப ஆறு வருஷம். பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும். காகிதத்தில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று மணிக்கு மேல் நிழல் தட்டுகிறது. அது ஒரு குறை. தேங்காய் விழுந்தால் என்ன என்று கேட்டேன். பையன் சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை.

இடறியது வேறு இடத்தில். "கரண்ட் போனால் ஃபேன் ஓடும்ல?" என்று உன் தங்கச்சி கேட்டாள். "ஓடாதுக்கா. லைனில் கரண்ட் இல்லைன்னா சோலாரும் நின்னுரும். பேட்டரி வச்சா வேற" என்றான் பையன். உச்சி வெயிலில், தலைக்கு மேல் 2 கிலோவாட் காய்ந்துகொண்டிருக்க, கீழே விசிறி மட்டையா? அவள் முகம் போன போக்கை நீ பார்க்கவேண்டும். பேட்டரி வைத்தால் விலை எங்கேயோ போகிறது.

அம்மாதான் பேசினாள். "நிக்கணும்யா. நிக்காட்டித்தான் தப்பு" என்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் பத்தாவது படிக்கும்போது அப்பா ஒரு மாசம் கையில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தது. என்ன ஏது என்று வீட்டில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. நீ பாம்பு கடித்தது என்று வகுப்பு முழுக்கப் பரப்பினாய். நடந்தது இதுதான். லைனை நிறுத்திவிட்டுக் கம்பம் ஏறியிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டவன் மெயினைப் பிரிக்காமலே போட்டுவிட்டான். செத்துக்கிடந்த கம்பியில் திருப்பி ஏறி வந்துவிட்டது. எர்த் மாட்டியிருந்ததால் உயிர் பிழைத்தார், உள்ளங்கை வெந்தது. அவருக்குக் கீழே நின்ற உதவியாள் அதற்குப் பிறகு அந்த வேலைக்கே வரவில்லையாம். இத்தனை வருஷம் கழித்து, சோலார் விற்க வந்த பையன் எதிரில், இதை அம்மா சொல்கிறாள். பையன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றான். ஆயிரம் வீட்டு மாடியில் சோலார் இருந்து, அத்தனையும் தானாக நிற்கவில்லை என்றால், கம்பத்தில் இருக்கிறவன் கதி என்ன? அதற்காகத்தான் இன்வெர்ட்டரே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. லைன்மேன் மகன் நான்!

2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இதே மாடியில் கிடந்தோமே, அப்போது சோலார் இருந்திருந்தாலும் ஒரு செல்போனுக்குக்கூட ஆகியிருக்காது. இதைத் தெரிந்துகொண்டு போடுவது வேறு, தெரியாமல் போட்டுவிட்டு ஏமாந்தேன் என்று புலம்புவது வேறு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில் முடிகிறது என்று எழுதியிருந்தாய். முடிவதற்கு முந்தின 49 நாளில் வெளியேறினால் அபராதம் இல்லை என்றும் நீதான் எழுதியிருந்தாய். அந்த 49 நாள் இப்போது ஆரம்பித்துவிட்டது, உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. மீட்டரைப் போட்டோ எடு, புது ஆளிடம் சொல், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து வேலை நாள். மனசு மாறினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்று பார்: யூனிட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிற நிலைக்கட்டணத்தில் ஏற்றியிருப்பான். நீங்கள் இரண்டு பேரும் பகல் முழுக்க வெளியே இருக்கிறவர்கள், செலவழிப்பது கொஞ்சம். உங்களுக்கு அந்தக் கட்டணம்தான் வலிக்கும். அப்புறம், உச்சவரம்பு என்பது யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்லை என்று நீயே எழுதிவிட்டு, ஹீட்டரை இஷ்டத்துக்குப் போட்டாயாமே? மதினி உன் தங்கச்சியிடம் போனில் சொல்லியாகிவிட்டது.

நீ மாறுவதற்கு உன் வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஆள். அரை மணி நேர வேலைக்கு ஆறு மாசம் யோசிக்கிறாய். நானோ 25 வருஷத்துக்கு ஒரு மாடியை எழுதிக் கொடுக்கிறேன். அதுவும் எந்த மாடி? சித்திரையில் அம்மா கூழ்வத்தல் பிழிகிற மாடி, மோர்மிளகாய் காய்கிற மாடி, நீயும் நானும் டியூப்லைட்டும் படுத்துக்கிடந்த மாடி. அங்கே யோசித்தால் நியாயம் உண்டு.

அம்மாவுக்கு சோலார் மேல் விரோதம் இல்லை. "வெயில் எல்லாருக்கும் பொதுதானலே, எனக்குக் கொஞ்சம் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கோ" என்றாள். போன வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஒற்றைக் கண்ணில் இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறவள், மாடி ஏறிக் கோலப்பொடியால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை, நூல் பிடித்த மாதிரி. தென்னை நிழல் விழுகிற பக்கம் எனக்கு. நல்ல வெயில் முழுக்க வத்தலுக்கு.

பையனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். பேனலைத் தாங்குகிற கால்களை ஏழடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் பேனல் மேலே போகும், நிழலும் கொஞ்சம் தப்பும் என்கிறான்; அதற்குத் தனியாக 18,000 கேட்கிறான். பேரம் நடக்கிறது. கோடு சாரலில் பாதி அழிந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் பார்த்தேன், மறுபடியும் போட்டிருக்கிறாள், ஒரு முழம் என் பக்கம் தள்ளி.

ஆனித் தேருக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்காவது வா. வரும்போது அம்மாவுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கி வா, மீட்டர் பார்க்க. மாற்றினாயா இல்லையா என்று ஒரு வரி எழுது, மூன்றரைப் பக்கம் வேண்டாம்.

உன்
கணபதி