உள்ளே போய்விடும் தோட்டா

அன்பு நண்பா,

உன் கடிதத்தில் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தேன். முக்கியமான சேதியை எப்போதும் கடைசியில் ஒளித்து வைப்பவன் நீ. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததிலும், மகள் வேலையில் சேர்ந்ததிலும் ரொம்பச் சந்தோஷம். அதற்கெல்லாம் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி உரிமத்தோடு உன் பெயருக்கு வந்துவிட்டது, கூடவே ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய தோட்டாக்கள். "போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் உள்ளே போகிறது. ஒருநாள் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்க்க வேண்டும்." இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்கான பதில்.

என் பக்கம் பெரிய சேதி இல்லை. ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பாக்கி சுடும் கிளப்பில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். சம்பளம் கிடையாது, இளைஞர்களின் முணுமுணுப்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கண்ணாடி போடு, குழலைக் கீழே திருப்பு, பையிலிருக்கும் தோட்டாவைக் காட்டு என்று நாள் முழுக்க நச்சரிக்கும் கிழவன் நான்தான். இப்போது உன் முறை.

உள்ளே போகாத தோட்டாவால் யாருக்கும் ஆபத்தில்லை. திருப்பி எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவோம். துப்பாக்கியையே வெடித்துச் சிதற வைப்பதெல்லாம் உள்ளே போய்விட்ட தப்பான தோட்டாதான். "சரியாகப் போகிறது" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான்.

உன்னுடையது ஷாட்கன், அதாவது ரவை எனும் சின்னக் குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி. அதில் இருந்தே தொடங்குகிறேன். குழலின் அளவைச் சொல்லும் கேஜ் கணக்கு தலைகீழானது என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை என்ன பருமனோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் 15.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். இப்போது 12 கேஜ் துப்பாக்கியில் ஒருவர் 20 கேஜ் தோட்டாவைப் போடுகிறார் என்று வை. அதன் அடிவிளிம்பு சுமார் 19.4 மில்லிமீட்டர். 12 கேஜில் தோட்டா உட்காரும் அறை அதைவிட அகலம், அதனால் விளிம்பு வாயில் நிற்காமல் தோட்டா முழுசாக வழுக்கி உள்ளே போய்விடும். குழலோ விளிம்பைவிடக் குறுகல், அதனால் வெளியே விழவும் விழாது. அறை முடிந்து குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. விசையை இழுத்தால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும், ஏனென்றால் தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி எட்டாது. திறந்து பார்த்தால் அறை காலி மாதிரி தெரியும். போட மறந்துவிட்டோம் போல என்று நினைத்து அவர் 12 கேஜ் தோட்டா ஒன்றைப் போடுவார். அதுவும் ஒழுங்காக உள்ளே போகும்! இரண்டாவது முறை விசையை இழுக்கும்போது முன்னால் அடைப்பு, பின்னால் வெடிப்பு. அழுத்தம் போக வழியில்லாமல் குழல் கிழியும். கிழிகிற இடமோ இடது கை தாங்கிப் பிடித்திருக்கிற இடம். விரல்களை இழந்தவர்கள் உண்டு, கண்ணை இழந்தவர்களும் உண்டு.

இந்த விபத்தைத் தடுக்கத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. ஆனால் உன் மாமனார் காலத்துக் காகிதத் தோட்டாக்கள் வெளிறி, எண்ணெய் ஊறி என்ன நிறமோ ஆகியிருக்கும். நிறத்தை நம்பாதே. பித்தளை அடியில் பொறித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படி. படிக்க முடியவில்லையென்றால் அந்தத் தோட்டா உனக்கு வேண்டாம்.

கேஜ் சரியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடாது, நீளம் என்று ஒன்று இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல்களில் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 கேஜ் தோட்டாவில் 70 என்று போட்டிருக்கும். 70 எப்படி 65-க்குள் போகும் என்று கேட்பாய். போகும். அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 60-க்குள் அடங்கிவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குறுகலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், ரவை அந்த இடுக்கு வழியாகப் பிதுங்க வேண்டியிருக்கும், அழுத்தம் ஏறும். ஒரே தடவையில் உடையாமல் போகலாம். அதைத்தான் பலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று சான்றாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார். குழல் தாங்குமா என்று சோதிக்கும் சோதனைச் சாலைகளின் முத்திரைகள் இருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் தொடங்கியது, லண்டனில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. அவை வெறும் அலங்காரமல்ல. எந்தக் கேஜ், எவ்வளவு நீள அறை, எந்த வெடிமருந்துக்குச் சோதித்தது என்று பெரும்பாலும் அதிலேயே படிக்கலாம். குழலின் மேல் பாம்பு போல நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி ஒட்டிச் செய்தது அது. பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தது. பட்டைகளுக்கு நடுவே துரு அரித்திருந்தால் வெளியே தெரியாது. அதில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போடாதே. சுவரில் மாட்டு, அழகாக இருக்கும்.

ஒற்றைக் குண்டு சுடும் ரைஃபிள்காரர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். எங்கள் கிளப்பில் எனக்கு அதிகப் பயம் தருவதே .300 பிளாக்கவுட்தான். 2011-இல் தரப்படுத்திய தோட்டா அது. 5.56 மி.மீ. என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டையே, அதாவது மருந்தைத் தாங்கும் பித்தளை உறையையே, குட்டையாக்கி, வாயில் தடித்த குண்டைச் செருகியது. தோட்டாக்களை அடுக்கும் அதே மேகசின், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் அதே போல்ட், குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி, ஆபத்தும் அதேதான். மேகசினைப் பார்த்து எது உள்ளே இருக்கிறதென்று சொல்ல முடியாது. 5.56 துப்பாக்கியில் இந்தத் தோட்டா எல்லாச் சமயமும் போகாது. சில வடிவக் குண்டுகள், போல்ட் வேகமாக அடைக்கும்போது கூட்டுக்குள் பின்வாங்கி இடம் கொடுத்துவிடும். அப்புறம் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போகப் பார்க்கும். மேகசின் கீழே வெடித்துத் தெறிக்கும், மேல்பகுதி பிளக்கும். இரண்டும் வைத்திருப்பவர்களை, ஒரே நாளில் இரண்டையும் கொண்டுவராதீர்கள் என்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இதில் தப்பெல்லாம் சுடுகிறவன் தலையில்தான் என்றும் சொல்ல மாட்டேன். ரெமிங்டன் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த .280 ரைஃபிள் தோட்டாவுக்கு, 1979-இல் விற்பனையைத் தூக்கிவிட 7 மி.மீ. எக்ஸ்பிரஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். அவர்களிடமே 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்று வேறொன்று அப்போது புழக்கத்தில் இருந்தது. அதன் அறை இன்னும் அகலம், .280 அதற்குள் தொளதொளவென்று போய் உட்காரும். குழப்பம் தாங்காமல் சில ஆண்டுகளில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். இதற்கு நேர்மாறாக .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டாவைப் பார். 1930-களில் அதைச் செய்தபோது, அதைவிட மெலிந்த .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான ரிவால்வருக்குள் போகக் கூடாதென்றே கூட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினார்கள். வலுவான துப்பாக்கி மெலிந்த தோட்டாவை ஏற்கும், மெலிந்த துப்பாக்கி வலுவானதை ஏற்காது. அந்த வடிவமைப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு.

'க்ளிக்' சத்தம் பற்றி இன்னொன்று. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதே. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது விநாடி காத்திரு, தாமதமாக வெடிப்பதும் உண்டு. 'டமார்' என்று வர வேண்டிய இடத்தில் 'பொத்' என்று வந்தால் அதைவிட மோசம். குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறது என்று வைத்துக்கொள். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டுக் குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதே.

நடிகர் பிராண்டன் லீ 1993-இல் படப்பிடிப்பில் இறந்ததும் இந்தச் சங்கதிதான். காட்சிக்காக நிஜத் தோட்டாவில் மருந்தைக் கொட்டிவிட்டுப் போலித் தோட்டா செய்தார்கள், அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சின்னப் பிரைமரின் உந்தலில் குண்டு நகர்ந்து குழலில் சிக்கியது. யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத்தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது சிக்கியிருந்த குண்டு பாய்ந்தது. அவருக்கு வயது 28.

சரி, உனக்கு நான் சொல்லும் வேலை இவ்வளவுதான். தகரப்பெட்டியை மூடி வை. அந்தத் தோட்டாக்களைப் போட்டுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்து. துப்பாக்கியை மட்டும் நல்ல துப்பாக்கிப் பழுதாளர் ஒருவரிடம் கொடுத்து அறை நீளத்தையும் குழல் சுவரையும் அளக்கச் சொல். பழையதை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், உரிமம் கொடுத்த அலுவலகத்திலேயே எப்படி ஒப்படைப்பதென்று கேள். பிறகு சரியான தோட்டா ஒரே ஒரு வகை வாங்கு, அதை மட்டும் மேசையில் வை. சட்டைப்பையை வீட்டிலேயே காலி செய்துவிட்டுக் கிளம்பு. பையில் கலந்து கிடக்கும் தோட்டாவைக் கண்டால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும்.

குழலின் அடிப்பக்க முத்திரைகளையும், தோட்டாக்களின் அடியையும் போட்டோ எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு, போன தடவை அனுப்பிய குடும்பப் படம் போல இருட்டாக வேண்டாம். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல். மகளின் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்