மேடையை முந்தைய நாளே கொடுங்கள்: சமூகக் கூட நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நாடகம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் மேடையை ஒப்படைப்போம் என்ற புதிய விதி எப்படி வந்தது, கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. அந்த விதியின் கீழ் நடந்த முதல் நாடகத்தை நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். கடைசிக் காட்சி முழுக்கக் கதாநாயகியின் முகத்தில் பாதி இருட்டாகவே இருந்தது. சாத்திய கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே போகும்போது "இன்னும் கொஞ்சம் ஒத்திகை பார்த்திருக்கலாமே" என்று உங்களில் ஒருவர் சொன்னார்.

எட்டு வாரம் ஒத்திகை பார்த்தோம், ஐயா. பார்க்காமல் விட்டது, ஒளி, ஒலி, செட் எல்லாவற்றோடும் மேடையிலேயே பார்க்கும் மேடை ஒத்திகை ஒன்றைத்தான். அதற்கான நாளைத்தான் உங்கள் விதி எடுத்துக்கொண்டது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: நாடகத்துக்கு முந்தைய நாள் மேடையை எங்களிடம் கொடுங்கள்.

இரண்டு மணி நேரம் ஏன் போதாது என்பதற்கு அந்தக் கதவையே எடுத்துக்கொள்ளலாம். நாடகக் கதவுக்குச் சுவர் கிடையாது. எட்டடி உயரம், நாலடி அகலத்தில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் மெல்லிய பிளைவுட்டோ துணியோ போர்த்திய தட்டிகள் இரண்டுக்கு நடுவில் நிற்கும் கதவுநிலை அது. பின்னால் சாய்வாக முட்டுக்கட்டை கொடுத்து, அந்தக் கட்டையின் அடியில் எடையோ மணல் மூட்டையோ வைத்துத்தான் நிறுத்த வேண்டும். நுழைகிற நடிகர் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், பின்னால் நிற்கும் ஆட்கள் தெரியக் கூடாது. அதனால் கதவு மேடைக்கு வெளிப்பக்கமாகத் திறக்கும். கீல், பின்திரைக்கு நெருக்கமான நிலைக்காலில் இருக்கும். செட் கட்டிய இடத்தில் கச்சிதமாகச் சாத்துகிற கதவு மேடையில் அப்படிச் சாத்தாது, ஏனென்றால் மரப்பலகை மேடை எதுவும் முழுக்க மட்டமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கால் அங்குலம் தாழ்ந்தால் போதும், தாழ்ப்பாளின் நாக்கு துளைக்கு நேராக வராது. நிலை சற்றே சாய்ந்திருந்தால் கதவு தன் எடையிலேயே சாய்ந்த பக்கம் ஓடிவிடும். சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், தாழ்ந்த காலின் அடியில் மெல்லிய ஆப்பு தட்ட வேண்டும், முட்டுக்கட்டையை மறுபடி இறுக்க வேண்டும், பிறகு நடிகரையே கூப்பிட்டு, காட்சியில் சாத்துகிற வேகத்தில் பத்து முறை சாத்தச் சொல்ல வேண்டும். அரைமணி நேர வேலை. அந்த அரைமணி அன்று கிடைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே ஏணி நின்றது, ஏணி மேல் விளக்குக்காரர் நின்றார், நடிகர் ஒப்பனை நாற்காலியில் இருந்தார்.

விளக்கின் கதையும் இதுதான். முகம் நன்றாகத் தெரிய, முன்னால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை உயரத்திலிருந்து ஒளி விழ வேண்டும். ஒரு பக்க விளக்கு மட்டும் சரியாக அமைந்தால் மறு கன்னம் கறுத்துவிடும். தலைக்கு நேர் மேலிருந்து விழுந்தால் கண்கள் குழியாகிவிடும். மேடையை ஆறு பகுதியாகப் பிரித்தால் முன்னொளிக்கு மட்டும் பன்னிரண்டு விளக்குகள். ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, கொக்கியை இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலி மாட்டி, ஒயரை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு இழுத்த பிறகு, கீழே ஒருவர் நடிகர் நிற்கும் இடத்தில் நின்று முகம் காட்ட, மேலே ஒருவர் திருப்பிப் பூட்ட வேண்டும். திருப்பிப் பூட்டுவதற்கு மட்டும் விளக்குக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நாற்காலி எங்கே வரும் என்று தெரியாமல் விளக்கைத் திருப்பிப் பயனில்லை. ஆகவே முதலில் செட், அடுத்து விளக்கு, அதன்பின் ஒலி. எத்தனை ஆள் வந்தாலும் இந்த வரிசையைக் குறுக்க முடியாது.

அவசரத்தில் நடக்கும் இன்னொன்றும் உண்டு. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பதினைந்து ஆம்பியர் இணைப்பு ஒன்று அப்படிப்பட்ட மூன்று விளக்குகளைத் தாங்கும். நான்காவதைச் செருகினால் வரம்பு தாண்டிவிடும். நேரம் இருந்தால் எந்த விளக்கு எந்த இணைப்பில் என்று தாளில் எழுதிப் பிரிப்போம். நேரம் இல்லாதபோது கைக்கு எட்டிய இடத்தில் செருகுவார்கள். ஒயர் சூடாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது இருட்டு. ஒன்றரை மணி நேர நாடகத்தில் ஒளி, ஒலி, செட் மாற்றம் எல்லாம் சேர்த்து அறுபது கியூ, அதாவது மாற்றத்தைச் செய்யக் குறிப்புக் கொடுக்கும் இடங்கள், இருப்பது சாதாரணம். மேடை மேலாளர் "ஸ்டாண்ட் பை" சொல்லி, பிறகு "கோ" சொல்லும் அந்த ஒவ்வொரு இடத்தையும் வசனத்தைத் தாண்டித் தாண்டி ஓட்டிப் பார்ப்பதுதான் மேடை ஒத்திகை. கியூவுக்கு மூன்று நிமிடம் வைத்தால் மூன்று மணி நேரம். இதில் காட்சி மாற்றத்துக்காக விளக்கை முழுக்க அணைக்கும் இடங்களும் வரும். பளிச்சென்ற ஒளியில் நின்ற கண், அணைந்த நொடியில் எதையும் பார்க்காது. இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். நடிகருக்குக் கிடைப்பதோ பத்து வினாடி. அந்தப் பத்து வினாடிக்குள் மேசையைத் தூக்குபவர் இடப்பக்கமும், வெளியேறும் நடிகர் வலப்பக்கமும் போக வேண்டும். மேடை விளிம்பில் ஒளிரும் டேப் ஒட்டி, மேசைக்கால் வரும் இடத்தில் வண்ண டேப் ஒட்டி, அதே இருட்டில் மூன்று நான்கு முறை நடந்து பார்த்தால்தான் கால் அந்த வழியைக் கற்கும். எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டியவர்கள் நடிக்கிறார்கள். அவர்களை நடந்தே பார்க்காத இருட்டில் நடக்கச் சொல்லும் விதி இது. அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

"அமெச்சூர் குழுதானே, இவ்வளவு எதற்கு" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்ததாக அறிந்தோம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையும் அமெச்சூர் குழுதான். நாடகம் ஆடுவது மரியாதைக் குறைவு என்றிருந்த காலத்தில் படித்தவர்களை மேடைக்குக் கொண்டுவந்த சபை அது. அவரே வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர். நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் நாடகத்தை அரைகுறையாகச் செய்யலாம் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

ஊதியம் இல்லாமல் ஏன் வருகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விதி நேராகக் கை வைப்பது அதில்தான். கைதட்டலுக்காக மட்டும் வருகிறவர் இரண்டாவது நாடகத்துக்குத் தங்குவதில்லை. தங்குகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்கியவர், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்தாமல் பேசக் கற்கிறார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கக் கூடாது என்பதில்தான் அந்தப் பாடம் தொடங்குகிறது. நடிக்கவே விரும்பாதவருக்கும் இடம் உண்டு. பிரதியைக் கையில் வைத்து, நடிகர் மூச்சு வாங்க நிறுத்தினாரா, மறந்து நிறுத்தினாரா என்று பிரித்தறிந்து அடியெடுத்துக் கொடுப்பது ஒரு தனித் திறமை. கல்லூரி மாணவி சுத்தியல் பிடிக்கிறார், ஓய்வுபெற்ற தச்சர் அவருக்கு மரச்சட்டத்தின் மூலையை இணைக்கச் சொல்லித்தருகிறார். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு, தான் வராவிட்டால் வேலை நிற்கும் என்று காத்திருக்கும் இருபது பேர் கிடைக்கிறார்கள். அது வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இந்த இருபது பேரும் முழுதாக ஒன்று சேரும் நாள் மேடை ஒத்திகை நாள். அதுவரை நடிகர்கள் ஒரு மாலை, செட் கட்டுபவர்கள் வேறொரு மாலை, ஒலி தயாரிப்பவர் தனியாக. அன்றுதான் கதவைச் செய்தவர், அதை ஒரு பாத்திரம் கோபமாகச் சாத்துவதைப் பார்க்கிறார். அன்றுதான் நடிகருக்குத் தன் மௌனத்தைத் தாங்குவது ஒரு விளக்கைப் பிடித்த இன்னொருவர் என்று புரிகிறது. அந்த நாளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பரபரப்பும் பழிசொல்லலும். சென்ற நாடகத்துக்குப் பிறகு இரண்டு புதிய உறுப்பினர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

முழு நாள் முடியாது என்றால் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை கொடுங்கள். செட்டுக்கு இரண்டு மணி நேரம், விளக்குக்கு இரண்டு, ஒலிக்கு அரை, கியூக்களுக்கு மூன்று, கூட்டிப் பெருக்கிப் பூட்ட அரை. மேடையில் ஆணி அடிக்க மாட்டோம். எடை மட்டுமே வைப்போம். டேப்பின் பசை தளத்தில் ஒட்டாமல் உரித்துத் துடைத்துத் தருவோம். பூட்டிச் சாவியை ஒப்படைக்க இருவரைப் பொறுப்பாக்கி எழுதித் தருகிறோம். காவலாளியைக் கூடுதல் நேரம் நிறுத்துவதுதான் சிரமம் என்றால், அதையும் பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த பருவத்துக்கான முன்பதிவு அட்டவணையை நீங்கள் முடிவு செய்வதற்கு முன், முந்தைய நாள் மேடையைத் தரும் பழைய ஏற்பாட்டை மீட்டுத்தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தில் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், ரசமட்டத்தோடும் விளக்கு வரைபடத்தோடும் நேரில் வந்து விளக்குகிறோம்.

இப்படிக்கு,
நாடகக் குழு உறுப்பினர்கள்