சனிக்கிழமை சாத்திய கதவு: கொச்சிச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்திலிருந்து கொச்சிக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் நானும் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போயிருந்தேன். 1568-ல் கட்டிய பரதேசி யூதப் பள்ளியின், அதாவது அயல்நாட்டிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக் கூடத்தின், கதவு சாத்தியிருந்தது. “இவ்வளவு தூரம் பணம் கட்டி வந்திருக்கிறோம், ஐந்து நிமிஷம் திறந்து காட்டக் கூடாதா?” என்று எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். வழிகாட்டி அவரை அமர்த்தவில்லை. தானும் சேர்ந்து கதவைத் தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே யூதர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடுகிறது. மறுநாள் இரவு விண்மீன் தெரியும்வரை வேலை கிடையாது, பணத்தைத் தொடுவதும் கிடையாது. நுழைவுச் சீட்டு விற்க எப்படி ஆள் இருக்கும்?

அன்று காலைத் தொழுகையின் உயிர்நாடி, யூதர்களின் திருநூலான தோராவை வாசிப்பது. அச்சுப் புத்தகம் அல்ல. பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய சுருள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். உயிரொலிக் குறியோ, நிறுத்தக் குறியோ, ராகக் குறிப்போ அதில் இல்லை. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். வாசிப்பவர் அத்தனையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். சுருளை விரல் தொடக் கூடாது என்பதால், நுனியில் குட்டிக் கை வைத்த கோல் ஒன்று வரிகளின் மேல் நகரும். ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். வாசிப்பவர் திரும்பிப் போய்ச் சரியாகச் சொல்வார். 54 பகுதிகளாக ஓராண்டில் முடித்து, முடித்த அன்றே ‘ஆதியிலே’ என்று மறுபடி தொடங்குவார்கள். கேரளத்துப் பள்ளிகளில் இதற்கென்றே மாடியில், பெண்கள் அமரும் இடத்தை ஒட்டி இரண்டாவது மேடை உண்டு. வேறெங்கும் இல்லாத அழகான வழக்கம் அது.

ஆனால் பத்து ஆண்கள் கூடினால்தான் பேழையிலிருந்து சுருளை எடுத்து முறைப்படி வாசிக்கலாம். 1948-க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்களை எண்ண ஒரு கைவிரல்களே அதிகம். ஆகவே வெளியூரிலிருந்து வந்து அந்தத் தெருவில் நடக்கும் யூதப் பயணி ஒருவர்தான் அன்றைய பத்தாவது ஆளாக இருக்கக்கூடும். அவர் வழிகேட்டு வரும் வாசலை நம் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கலாமா?

அந்தப் பள்ளி காத்துவரும் செப்பேடுகள் நமக்கும் அந்நியமல்ல. ஏறத்தாழ கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையோடு 72 உரிமைகளையும் கொடுத்ததை வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பகல்விளக்கு, குடை, தோரணம் என்று அதில் வரும் சொற்கள் இன்றும் நம் வாயில் இருப்பவை. அவ்வளவு மதிப்போடு வரவேற்கப்பட்டவர்களின் வாசலில் நாம் குரலை உயர்த்தியது எனக்கு வெட்கமாக இருந்தது.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. சனிக்கிழமை கொச்சியில் இருந்தால் சீன வலைகளையும் டச்சு அரண்மனையையும் காட்டுங்கள். பள்ளியை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும், முன்பே விசாரித்துவிடுங்கள். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பறவூர், சேந்தமங்கலம் பள்ளிகள் அருங்காட்சியகங்களாகிவிட்டன. மட்டாஞ்சேரியை அப்படி நினைத்துக்கொண்டு வராதீர்கள் என்று பஸ்ஸிலேயே பயணிகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதப் பயணத் தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், சனிக்கிழமை பள்ளியைக் காட்டுவதாகச் சொல்லும் அந்த ஒரு வரியை இப்போதே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பயணி