டயர் லைட்டு விஷயமா அப்பா எழுதறது

அம்மு,

நேத்து ராத்திரி நீ வண்டிக்குள்ள உட்காந்து வீடியோ கால்ல பேசினப்போ டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு, குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு நடுவுல ஆச்சரியக்குறி போட்டது. கேட்டதுக்கு "அது எப்பவும் எரியும்ப்பா, விடுங்க"ன்னுட்ட. எப்பவும்னா எப்பலேர்ந்து? அம்மா பக்கத்துல இருந்ததால மேல கேக்கல. அந்த நேரத்துல வீட்டுக்குள்ள போகாம வண்டில உட்காந்து ஏன் பேசறன்னும் கேக்கல. சரி, லைட்டை பத்தி சொல்றேன்.

முதல்ல நீ ஒண்ணு பாக்கணும். வண்டிய ஸ்டார்ட் பண்ணினதும் அந்த லைட்டு நிலையா எரியுதா, இல்ல ஒரு நிமிஷம் போல விட்டு விட்டு எரிஞ்சிட்டு அப்புறம் அணையாம நிலையா எரியுதா? முதல்லேர்ந்தே நிலையா எரிஞ்சா ஏதோ ஒரு டயர்ல காத்து கம்மி. விட்டு விட்டு எரிஞ்சா சென்சார்லயோ சிஸ்டத்துலயோ கோளாறு, அதுக்கு நீ என்ன ரீசெட் பண்ணினாலும் போகாது. சில வண்டில சக்கரத்துக்குள்ள வால்வோட சேந்து சென்சார் இருக்கும், அதுல இருக்கற பேட்டரி அஞ்சுலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும்தான் வரும். உங்க வண்டி கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கினதுதானே, கணக்கு போட்டுக்கோ.

நிலையா எரிஞ்சா காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி காத்து பாரு. ஓடின டயர் சூடாகி காத்து கூடுதலா காட்டும், அதனால குறைஞ்சது 3 மணி நேரம் நின்ன வண்டியா இருக்கணும். எவ்வளவு வேணும்ங்கறது டிரைவர் கதவை திறந்தா உள் ஓரத்துல ஸ்டிக்கர்ல இருக்கும், முன்னாடி டயருக்கும் பின்னாடி டயருக்கும் வேற வேற நம்பர் இருந்தாலும் இருக்கும். டயர் மேலயே அச்சடிச்சிருக்கற நம்பரை பாத்து அடிச்சிடாத, அது அந்த டயர் தாங்கற உச்சம். கண்ணால பாத்து நல்லாத்தான் இருக்குன்னும் முடிவு பண்ணாத, இந்தக்கால டயர்ல பாதி காத்து இறங்கினாலும் வெளில பெருசா தெரியாது. கேஜ் வெச்சு பாரு. அமெரிக்கால சட்டமே 25 சதவீதம் குறையறதுக்குள்ள லைட்டு எரியணும்னுதான் சொல்லுது, அதாவது 32 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) இருக்க வேண்டிய டயர் 24 வரைக்கும் இறங்கியிருக்கலாம். லைட்டு வந்தப்பவே லேட்டுதான்னு வெச்சுக்கோ. குளிர் அதிகமான நாள்ல ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ தானாவே குறையும், ஏற்கனவே காத்து கம்மியா இருந்தா அதுக்கும் எரியும், அப்பவும் காத்து அடிக்கத்தான் வேணும்.

காத்து அடிச்ச அப்புறம்தான் ரீசெட். இதை ரெண்டு தடவை எழுதறேன்னு கோச்சுக்காத, காத்து அடிச்ச அப்புறம்தான். ஸ்டியரிங் கீழ ஒரு பட்டன் இருக்கும், இல்லேன்னா ஸ்கிரீன்ல செட்டிங்ஸ் உள்ள இருக்கும். வண்டி நின்னுட்டு இருக்கணும், இக்னிஷன் ஆன்ல இருக்கணும், பட்டனை அழுத்தி பிடிச்சா லைட்டு சிமிட்டும், அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டினா வண்டி கத்துக்கும். சென்சார் உள்ள இருக்கற வண்டின்னா பல சமயம் ஓட்டினாலே தானா அணைஞ்சிடும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சில வண்டில காத்தை அளக்கற சென்சாரே கிடையாது, சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம்) வெச்சு எண்ணும். காத்து குறைஞ்ச சக்கரம் கொஞ்சம் சின்னதாகி மத்ததை விட வேகமா சுத்தும், அதை வெச்சுதான் கண்டுபிடிக்கும். நீ காத்து அடிக்காம பட்டனை அழுத்தினா, இப்ப இருக்கறதுதான் சரின்னு அது எடுத்துக்கும். லைட்டு அணைஞ்சிடும், உள்ள குறைஞ்சது குறைஞ்சபடியே இருக்கும். அப்புறம் கேக்கறவங்களுக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு தோணும்.

அடிச்சு ரெண்டு நாள்ல அதே டயர் மறுபடி இறங்கினா பஞ்சரோ வால்வு லீக்கோ இருக்கும், சும்மா சும்மா அடிச்சு ஓட்டாத. வால்வு மேல சோப்பு தண்ணி விட்டுப் பாரு, குமிழி வந்தா அங்கதான் லீக். காத்து கம்மியா வேகமா ஓட்டினா டயரோட பக்கவாட்டு மடிஞ்சு மடிஞ்சு சூடாகி ஒரு கட்டத்துல வெடிக்கும். நீ தினமும் ராத்திரி ஹைவேல தனியா வர்ற. தனியான்னு நீ சொல்லல, எனக்கா தோணுது.

காலேஜ் படிக்கறப்பவே யாரையும் கூப்பிடாம நடுரோட்டுல ஸ்டெப்னி மாத்தினவ நீ, அதை நான் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். உனக்குத் தெரியாதுன்னு எழுதல. முன்னெல்லாம் மாப்பிள்ளை மாசாமாசம் காத்து பாத்துடுவார், நானும் நிம்மதியா இருப்பேன். இப்ப யாரு பாக்கறாங்கன்னு கேட்டா நீ போனை வெச்சிடுவ, அதனால கேக்கல. ஆனா அவ்வளவு நாள் ஒரு லைட்டு எரிஞ்சும் அப்பாகிட்ட சொல்லணும்னு தோணலையே, அதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

நாளைக்கு காலைல கதவு ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பு, நாலு டயர்லயும் எவ்வளவு காட்டுதுன்னு எழுதி அனுப்பு. நான் அஞ்சு மணிக்கே முழிச்சிடுவேன், எப்ப வேணும்னாலும் போன் பண்ணு, டயரை பத்தித்தான் பேசணும்னு இல்ல. அம்மா தூங்கினதுக்கு அப்புறம் பண்ணினாலும் எடுப்பேன். ஸ்டெப்னிலயும் காத்து பாத்துடு, அதை யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல.

அப்பா