பாதுகாப்புத் திருத்தத்துக்கும் ரசீது கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் களவு மென்பொருள் குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். திருட்டு நகலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு விண்டோஸ் புதுப்பிப்புகளை, மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட, அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. காரைக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சுப் பயிலகமும் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) நிலையமும் நடத்தி வருகிறேன். நான் இரவெல்லாம் கண் விழித்து வடிவமைத்த அழைப்பிதழை இன்னொருவர் ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்ததைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஆனாலும் 'அடியோடு' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

2005இல் மதுரையில் ஒரு கடையில் ஆறு கணினிகளை அசெம்பிள் செய்து வாங்கினேன். பில்லில் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என எல்லாவற்றையும் தனித்தனி வரியில் எழுதியிருந்தார்கள். விண்டோஸுக்கு மட்டும் அப்படி ஒரு வரி எழுதவில்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு விவரம் அன்று எனக்கு இல்லை. "எல்லாம் போட்டுத்தான் தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். அடுத்த ஆண்டு ஒரு நாள், திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது: இந்த விண்டோஸ் நகல் அசல் அன்று, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்று. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் முன்னால் அதைப் படித்தபோது கூசிப்போனேன். கடையிலிருந்து சர்வீஸுக்கு வந்த பையன் ஆறு கணினிகளிலும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, "இனி அந்தச் செய்தி வராது அக்கா" என்றான். அவன் சொன்னபடியே அந்தச் செய்தி வரவில்லை. அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய எந்தத் திருத்தமும் வரவில்லை.

2009 தை மாதம், முகூர்த்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவ் வழியாகக் கான்ஃபிக்கர் புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் தீய நிரல்) ஒரு கணினிக்குள் நுழைந்தது. மறுநாள் காலையில் நெட்வொர்க் கம்பி வழியே மற்ற ஐந்துக்கும் பரவியிருந்தது. வைரஸ் ஒழிப்பு நிறுவனங்களின் தளங்கள் எதுவும் திறக்கவில்லை. அவற்றைத் திறக்க விடாமல் தடுப்பதும் அந்தப் புழுவின் வேலைகளில் ஒன்று. பயிலகத்தில் அது நின்றுவிட்டிருந்தால் என் நஷ்டம் என்னோடு போயிருக்கும். கோப்பு வாங்கிப் போனவர்களின் பென் டிரைவ்கள் வழியாக ஓர் அச்சகத்துக்கும், ஒரு பள்ளி அலுவலகத்துக்கும் அது போனது. அந்த அச்சகத்தார் காசு கொடுத்து அசல் விண்டோஸ் வாங்கியவர்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? தவறு பில்லில் மறைத்த கடைக்காரருடையது; கேட்காமல் வாங்கிய என்னுடையதும்தான். தண்டனை எங்களோடு நிற்கவில்லை என்பதைத்தான் கட்டுரையாளர் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2005 ஜூலையில் அன்றைய விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கு 'ஜென்யூன் அட்வான்டேஜ்' என்ற, நகல் அசல்தானா என்று பார்க்கும் சோதனையை அது கட்டாயமாக்கியபோது, கூடுதல் வசதிகளுக்கும் பதிவிறக்கங்களுக்கும்தான் அந்தச் சோதனை. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் தானியங்கிப் புதுப்பிப்பு வழியாக எல்லோருக்கும் கிடைக்கும் என்றுதான் அறிவித்தது. அந்த விதி நியாயமானது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. 2006இல் அந்தச் சோதனைக் கருவியின் அடுத்த பகுதியை, என் திரையில் வந்ததுபோன்ற எச்சரிக்கையைக் காட்டுவதை, பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே வழியில், அதே அவசர முத்திரையோடு அனுப்பினார்கள். நிறுவியபின் அதை நீக்க வழி வைக்கவில்லை. அது நாள்தோறும் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டது என்பதை அந்த ஜூன் மாதம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வழக்கும் தொடுக்கப்பட்டது. தினசரித் தொடர்பைப் பின்னர் கைவிட்டார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மருந்து கொடுக்க வருகிற கைதான் சோதனை போடவும் வருகிறது என்று தெரிந்தால், யார் கதவைத் திறப்பார்கள்? பாதுகாப்புத் திருத்தம் எல்லோருக்கும் உண்டு என்ற வாக்குறுதி காகிதத்தில் இருந்தது. கதவை நாங்களே சாத்திக்கொண்டோம்.

2008 அக்டோபரில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் மனம் ஆறவில்லை. அந்த மாதம் 20ஆம் தேதி முதல், சீனாவில் சோதனையில் தேறாத கணினிகளின் திரைப் பின்னணி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கறுப்பாக மாறும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மூன்றே நாள் கழித்து, 23ஆம் தேதி, வழக்கமாகத் திருத்தங்கள் வெளியிடும் நாளுக்குக்கூடக் காத்திராமல் ஓர் அவசரத் திருத்தத்தை அதே நிறுவனம் வெளியிட்டது. அடுத்த மாதம் தலைகாட்டிய கான்ஃபிக்கர் நெட்வொர்க்கில் பரவியது அந்தத் திருத்தம் அடைக்கும் ஓட்டை வழியாகத்தான். புதுப்பிப்பைப் பார்த்து மக்களை மிரள வைத்த அதே வாரத்தில், புதுப்பிப்பு உயிர்நாடியாக இருந்தது.

அசல் வைத்திருப்பவர்களுக்குச் சோதனையால் எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார் கட்டுரையாளர். 2007 ஆகஸ்ட் 24ஆம் தேதி சோதனை சர்வர்களில், இன்னும் தயாராகாத நிரலைத் தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பியும் அதற்கு அடுத்த பதிப்பான விஸ்டாவும் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. சீராக ஏறத்தாழ 19 மணி நேரம் ஆயிற்று. பாதிக்கப்பட்ட கணினிகள் 12,000க்கும் குறைவு என்றது நிறுவனம். குறைவுதான். அந்தக் குறைவில் ஒருவராக, கையில் ரசீதோடு உட்கார்ந்திருந்தவரின் மனநிலை வேறாக இருந்திருக்கும்.

இன்றைய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அசல் என்று பதிந்து ஆக்டிவேட் செய்யாவிட்டால் திரையோரத்தில் ஒரு நினைவூட்டல் நிற்கிறது, பின்னணிப் படத்தை மாற்ற முடிவதில்லை. ஆனாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை புழு பரவி இங்கிலாந்தின் மருத்துவமனைகள் முடங்கியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும்கூடத் திருத்தத்தை இலவசமாக வெளியிட்டார்கள். நிறுவனமே அனுபவத்தில் கற்றுக்கொண்டு இறங்கி வந்த படிகளில் நம் கட்டுரையாளர் திரும்ப ஏறச் சொல்கிறார். போலியோ சொட்டு மருந்து முகாமில் யாரும் குடும்ப அட்டை கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சொட்டு.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். பயிற்சிக் கணினிகள் இரண்டில் நான் மாறியும்விட்டேன். ஆனால் விண்டோஸில் இயங்கும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்து பழகிய டிடிபிக்காரர்கள் முழுவதும் மாறுவது அவ்வளவு எளிதன்று.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவுசெய்ய வேண்டும். அதோடு கணினியின் அமைப்புகளை அவர்கள் சர்வரில் சேமிக்க ஒப்ப வேண்டும், அல்லது மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்க்கும் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர் தர வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் கேள்வி எழுப்பிய பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சேமிப்பு நிபந்தனையையும் கட்டணத்தையும் விலக்கினார்கள். ஐரோப்பியருக்குச் செய்ததை நமக்கும் செய்யுங்கள் என்று கேட்க நம் நுகர்வோர் அமைப்புகளுக்கு என்ன தடை? கணினி விற்கிற கடைகள் பில்லில் விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்றும் அவர்கள் கேட்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் 2005இல் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் இன்றும் "அப்டேட் போடாதீர்கள், பிரச்சினை வரும்" என்றுதான் சர்வீஸ் செய்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, அதை எப்படித் திரும்ப இயக்குவது, விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் எப்படிப் பதிவுசெய்வது என்பதைப் படங்களோடு, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரியும் தமிழில், வருகிற இதழில் ஒரு பக்கம் போடுங்கள். அதை நகலெடுத்து என் பயிலகத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
காரைக்குடி.